காத்திருந்தோர் கூறிய சான்று

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கி, நிலாவெளி, குச்சவெளி என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் கடலோர வீதி திரியாய்க்கு இட்டுச் செல்லும். வயலும் குளமும் கடலும் அணித்தாய் அமைந்த அவ்வூரின் தமிழ் மக்கள் 1985ஆம் ஆண்டில் நிகழ்ந்த வன்செயலால் ஊரை விட்டு நீங்கி, அகதி வாழ்வின் அல்லல்களை அனுபவித்துப் பல்லாண்டுகளின் பின்னர் மீண்டவர்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தின் கரையோரத்தைத் தாக்கிற்று. போரும் கடலும் ஒரே தலைமுறையினரை அடுத்தடுத்து வருத்திய இத்தகைய பகுதிகளுக்கு, அரிசியும் கூடாரமுங் கொண்டு வந்தோரைத் தொடர்ந்து, உளத்துயர் தீர்க்கும் பயிற்சிகளைக் கொண்டு வந்தோரும் வரலாயினர். அவர்தம் கையில் வினாக்கொத்தும் இருந்தது. பயிற்சிக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையுமாகச் சிறுவரை வினாவி, பின்னைய மதிப்பெண் முன்னையதினுங் குறைந்திருப்பின் பயிற்சி பயனளித்தது என்று எழுதும் வழக்கமும் உடன் வந்தது.

இம்முடிபு பொருந்துமா என ஆராய்தல் வெறும் ஏட்டுப் பொழுதுபோக்கன்று. பயனற்ற பயிற்சியைப் பயனுள்ளதென்று கொண்டால், அடுத்த பேரிடரிலும் அதுவே சிறுவர்க்கு ஊட்டப்படும்; தீங்கு செய்யும் பயிற்சியாயின், அத்தீங்கு நல்லெண்ணத்தோடு பரப்பப்படும். உளநூற் பரிசோதனையின் வழு எங்கே ஒளிந்து கிடக்கின்றது, அதனைத் தீர்க்கும் வகை யாது என்னும் வினா இங்கே பள்ளிப் பிள்ளைகளின் நலத்தோடு பிணைந்து நிற்கின்றது.

திரியாயிலுள்ள பாடசாலையொன்றில் அத்தகைய பரிசோதனை நடைபெறுவதாகக் கற்பனையளவிற் கொள்க. நூறு மாணவரிடம் வினாக்கொத்து வழங்கப்படுகின்றது. மிகுந்த துயர் காட்டிய முப்பதின்மர் தெரிந்தெடுக்கப்பட்டு, ஆறு வாரம் மூச்சுப் பயிற்சி பெறுகின்றனர். மீள வினாவும்போது அவர்தம் சராசரி 40இலிருந்து 25ஆக இறங்கியிருக்கின்றது. கூட்டல் கழித்தலில் வழு எதுவுமில்லை. எனினும் பயிற்சியின் ஆற்றலைப் பற்றி இக்கணக்கு யாதொன்றுங் கூறவில்லை என்பதே உண்மை.

துயரைக் காலமே ஒருவாறு ஆற்றும் என்பது எவரும் அறிந்தது. அறியாதது மற்றொன்று. கரைவலை இழுக்கும் ஒரு கடற்கரையில் ஐம்பது வலைகளுள் இன்றைக்கு மிகுதியாக மீன் பட்ட பத்து வலைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு நூலைக் கட்டி விட்டால், நாளைக்கு அப்பத்து வலைகளின் பாடு பெரும்பாலுங் குறைந்தே காணப்படும். கறுப்பு நூல் மீனை விரட்டிவிட்டது என்று எவரேனுஞ் சொல்வாராயின் மீனவர் நகைப்பர். இன்றைய மிகுதியில் வலையின் திறமும் உண்டு, நாளின் அதிட்டமும் உண்டு. திறம் நாளையும் இருக்கும், அதிட்டம் இராது. அவ்வாறே, ஒரு குறித்த நாளில் துயர் மதிப்பெண் மிகுந்து நின்ற பிள்ளைகளுள், உள்ளபடியே ஆழ்ந்த துயர் கொண்டோரும் உளர். முதனாள் இரவு உறங்காதோரும், வீட்டிற் சண்டை கண்டு வந்தோரும், வினாவை வேறாக விளங்கிக்கொண்டோரும் உளர். இவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுமுறை அளந்தால், எப்பயிற்சியும் இன்றியே சராசரி இறங்கும். புள்ளிவிவர நூலார் இதனைச் சராசரியை நோக்கிய பின்வாங்கல் என்பர். மிகத் துன்புற்றோரையே தெரிந்து உதவ வேண்டும் என்ற கருணைதான் இவ்வழுவிற்கு வாயிலாகின்றது. ஆதலால் இது எளிதில் ஐயுறப்படுவதில்லை. இவற்றோடு, தமக்காக வெயிலில் வந்து அமர்ந்திருக்கும் அண்ணனையும் அக்காவையும் மகிழ்விக்க விரும்பி, இப்பொழுது நன்றாயிருக்கின்றது என்று சொல்லும் பிள்ளையின் இயல்பையுஞ் சேர்த்துக்கொள்க. பயிற்சிக்கென எஞ்சுவது எவ்வளவு என்பதைப் பயிற்சி பெறாத, ஒத்த பிள்ளைகளின் மதிப்பெண்ணே கூறவல்லது.

இனி உண்மையில் நடைபெற்ற ஆய்வுகளை நோக்கலாம். பிராங்க் நொய்னரும் அவர்தங் குழுவினரும் பேரலையின் பின் மூன்று, நான்கு வாரங்களுள் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்றிடங்களில் 264 சிறுவரை ஆராய்ந்து, 2006இல் முடிபுகளை வெளியிட்டனர். பேரலையோடு தொடர்புடைய மனவடு நோயின் அளவு இடத்திற்கிடம் 14 விழுக்காடு முதல் 39 விழுக்காடு வரை வேறுபட்டது. ஈண்டு ஒன்று கருதத் தக்கது. அந்நோயென்று துணிவதற்கு அறிகுறிகள் ஒரு திங்களுக்கு மேல் நீடித்திருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க உளமருத்துவர் கழகத்தின் விதி. அக்காலவெல்லை நிரம்புமுன் அளந்தமையின், ஆய்வாளர் அவ்விதியை விலக்கியே கணக்கிட்டனர், விலக்கியதை மறைக்கவுமில்லை. ஆயினும் இவ்விதி வெறுஞ் சடங்கன்று. தாமாகவே தேறுவோரையும் தேறாதோரையும் பிரித்தறிதற்கே அது விதிக்கப்பட்டது.

இதே சூழலில் எழுந்த மற்றோர் ஆய்வு கிளோடியா கட்டானியும் பிறரும் 2009இல் வெளியிட்டது. வடகிழக்கிலங்கையின் அகதி முகாமொன்றில், மனவடு நோய் உண்டென முதனிலையாகக் கண்ட 31 சிறுவர் எழுமாறாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து ஒழுங்காகச் சொல்லி, அச்சந்தந்த நிகழ்ச்சிகளையும் அக்கதையிற் பொருத்தும் முறையில் ஆறு அமர்வுகள் பெற்றனர். மற்றப் பிரிவினர்க்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியுமாக ஆறு அமர்வுகள். பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளரே இவற்றை நடத்தினர். ஆறு திங்கள் கழிந்து பார்த்தபோது முதற் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோய் நீங்கியிருந்தனர். இரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

முகாமின் நெருக்கடியிலும் எழுமாற்றுப் பங்கீட்டைக் கைவிடாதமை இவ்வாய்வின் சிறப்பு. அதனை முதலிற் பாராட்டாது குறைகூறப் புகுவது நடுவுநிலையன்று. ஆனால் மூன்றாவது பிரிவு ஒன்று இல்லை. இரண்டு பயிற்சிகளும் ஒருங்கே பயனளித்தன என்றும் இம்முடிபைப் படிக்கலாம். இரண்டும் பயனளிக்கவில்லை, காலமே இரு சாராரையும் ஒருங்கு தேற்றியது என்றும் படிக்கலாம். இரு வாசகங்களுள் எது சரியென இவ்வமைப்பினுள் நின்று துணியவியலாது. இயல்பாகத் தேறுவோரிலும் மிகுதியானோர் இங்கே தேறியுள்ளனர் என்று ஆய்வாளர் வாதிடுவர். அவ்வியல்பான அளவு பிறவிடத்துப் பிள்ளைகளிடமிருந்து இரவல் பெற்றது. அந்த முகாமின் பிள்ளைகள், அந்தத் தாய்மாரின் அணைப்பில், அந்த ஆறு திங்களில் தாமாக எவ்வளவு தேறியிருப்பர் என்பதற்கு அது விடையாகாது. ஆய்வாளர் தம் சான்றை முதனிலைச் சான்று என்று அடக்கமாகவே கூறினர். பின்னர் எடுத்தாள்வோர் கையில் அவ்வடைமொழி உதிர்ந்துவிடுவதே வழக்கம்.

தொகை பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு பிரிவிலும் பதினைந்து பதினாறு பேரே இருப்பின், ஒரு பிள்ளை ஏறக்குறைய 6 அல்லது 7 விழுக்காட்டுக்கு ஈடு. 81க்கும் 71க்கும் உள்ள இடைவெளி இரண்டு பிள்ளைகள் அளவுதானும் இல்லை. அத்தகைய வேற்றுமை உண்மையில் இருந்தால் ஐந்து தடவையில் நான்கு தடவையாயினும் அதனைக் கண்டுகொள்ளும் வலு வேண்டுமெனின், பிரிவொன்றுக்கு ஏறக்குறைய 280 பேர் வேண்டும். எனவே வேற்றுமை காணப்படவில்லை என்பதை வேற்றுமை இல்லை என்று மொழிபெயர்ப்பது தவறு. நிறைகோலில் வெற்றிலையை வைத்து முள் அசையவில்லையெனக் கண்டு, அதற்கு நிறையே இல்லையென்று சொல்வதை இது ஒக்கும். அக்கோல் நெல்மூட்டை நிறுக்க அமைந்தது.

காத்திருப்போர் பிரிவு ஒன்று இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு இலங்கையிலேயே தக்க சான்று உண்டு. வீட்சே டொல்லும் பிறரும் வட இலங்கைப் பாடசாலைகளில் 399 சிறுவரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஐந்து வாரங்களிற் பதினைந்து அமர்வுகளாக விளையாட்டும் கதையும் வரைதலுங் கலந்த பயிற்சி ஒரு சாராருக்கு வழங்கப்பட, மற்றையோர் காத்திருந்தனர். முடிவதற்கு ஒரு வாரத்தின் பின்னும் மூன்று திங்களின் பின்னும் அளவைகள் எடுக்கப்பட்டன. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு என்னும் மூன்று தலையாய அளவைகளிலும் ஒட்டுமொத்தமாக நோக்குமிடத்துப் பயிற்சி பெற்றோர் காத்திருந்தோரிலும் மேம்படவில்லை. நடத்தைக் குறைபாடுகளில் நற்பயன் காணப்பட்டது; அதுவும் இளையோரிடத்து மிகுதி. சிறுமியரைப் பொறுத்தவரை கிடைத்த செய்தியோ எவரையுந் திடுக்கிடச் செய்வது. பயிற்சி பெற்ற சிறுமியரின் மனவடு அறிகுறிகளுங் குறைந்தன. காத்திருந்த சிறுமியரின் அறிகுறிகள் அவற்றினும் மிகுதியாகக் குறைந்தன.

இவ்விடத்திற் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். காத்திருந்த சிறுமியர் அவ்வாய்வில் இல்லையென்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது யாது? பயிற்சிக்கு முன் ஓர் எண், பின் அதனிற் குறைந்த ஓர் எண். வழவழப்பான தாளில் அச்சிட்ட அறிக்கையொன்று அச்சிறுமியரின் புகைப்படத்தோடு வெற்றியை முழங்கியிருக்கும். எவரும் பொய் சொல்லியிருக்கமாட்டார், எல்லோரும் ஏமாந்திருப்பர். ஒன்றும் பெறாது வெறுமனே காத்திருந்தவர்களே அவ்வாய்வின் தலையாய சான்றாளர் ஆயினர்.

பயன்பெற்றோரைக் கேட்டால் தெரியாதா என்பார் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சமவில் ஆய்வு இதற்கு விடை. 506 சிறுவர் ஒத்த இணைகளாகப் பிரிக்கப்பட்டு, நாணயஞ் சுண்டி, இணைக்கு ஒருவர் வீதம் பல்லாண்டு ஆலோசனையும் உதவியும் பெற்றனர். முப்பதாண்டின் பின் அவர்களைத் தேடிக் கண்டு ஜோன் மக்கோட் 1978இல் எழுதியபோது, உதவி பெற்றோர் பல வகைகளில் உதவி பெறாதோரினுந் தாழ்ந்தே காணப்பட்டனர். விடையளித்தோருள் மூன்றிலிரு பங்கினரோ அத்திட்டம் தமக்கு நன்மை செய்ததென்றே நன்றியோடு கூறினர். நன்றி மெய்யானது; ஆனால் அது பயிற்சியின் அளவுகோலன்று.

வட இலங்கை ஆய்வையுங் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றல் ஆகாது. சிறுமியர் பற்றிய செய்தி முழுத்தொகையினின்றும் பிரித்தெடுத்த ஒரு கூற்றிலிருந்து பெறப்பட்டது. ஆண், பெண், இளையோர், மூத்தோர், துயர் மிக்கோர், குறைந்தோர் எனப் பலவாறு கூறுபடுத்தி இருபது ஒப்பீடுகள் செய்தால், பயிற்சிக்கு எவ்வித ஆற்றலும் இல்லாதவிடத்தும், அவற்றுள் ஒன்றேனும் தற்செயலாகக் குறிப்பிடத்தக்கதாய்த் தோன்றும் வாய்ப்பு 64 விழுக்காடு. நற்செய்தியைத் தரும் கூறுகளை ஐயுற்றுத் தீச்செய்தியைத் தரும் கூற்றை மட்டும் நம்புதல் திறனாய்வாளர்க்கு அடாது. ஆகவே அதனைத் தீர்ப்பென்று கொள்ளாது எச்சரிக்கையென்று கொள்வதே முறை. அடுத்த ஆய்வு, தொடங்குமுன்னரே அவ்வினாவை எழுதி வைத்துக்கொண்டு புறப்படுதல் வேண்டும். மற்றொரு கண்டுபிடிப்பு இதனினுந் திண்மையாகப் பொருந்துகின்றது: அந்நாளிற் போரின் நெருக்கீடு குறைந்திருந்த பிள்ளைகளே மனவடுவிலும் பதகளிப்பிலும் பயிற்சியாற் கூடிய நன்மை பெற்றனர். காயம் ஆறுவதற்குமுன் மீண்டும் மீண்டும் அடி விழும் இடத்தில் மருந்தை அளப்பது எங்ஙனம்? திரியாய் போன்ற ஊரில் ஆராயப் புகுவோர் கடந்த பேரிடரை மட்டும் வினாவாது, இன்றைய வீட்டையும் காணியையும் தொழிலையும் வினாவி அளத்தல் இன்றியமையாதது.

அளப்போர் யார் என்பதும் சிறு செய்தியன்று. பெர்லினில் கணக்குச் செய்த குதிரையின் மாயத்தை ஒஸ்கார் பூங்ஸ்ற் 1907இல் வெளிப்படுத்தியது பலர் அறிந்த கதை. வினாவியவர் முகத்தின் நுண்ணசைவே குதிரைக்கு விடை சொல்லிற்று. குதிரை கண்டதைப் பிள்ளை காணாதா? பயிற்சி அளித்தவரே பின்னர் அளப்பாராயின் அவ்வளவைக்கு மதிப்பில்லை. வேற்றூரார் ஒருவரை அழைத்தாலும் சிற்றூரில் மறைபொருள் நில்லாது. எங்கள் பயிற்சி அக்கா என்று பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், இவர் எப்பிரிவினர் என்பது வெளிப்பட்டுவிடும். அதனை முற்றாகத் தடுக்கவியலாது. எனினும் அளவை முடிந்தபின் ஒவ்வொரு பிள்ளையும் எப்பிரிவினரென்று அளந்தவரையே ஊகித்து எழுதச் செய்து, அவ்வூகம் எத்துணை சரியாயிற்று என்று வெளியிட்டால், மறைப்பு எவ்வளவு சிதைந்தது என்பதையாயினும் படிப்போர் அறிவர்.

வினாக்களின் மொழியோ இன்னும் ஆழமான இடர். மேனாட்டு வினாக்கொத்தைத் தமிழாக்கி, அதனை மீள ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்தனவெனக் கண்டு அமைதியுறுவோர் பலர். சொல் ஒக்கலாம், பொருள் ஒக்க வேண்டுமென்பதில்லை. கடலை அடிக்கடி எச்சரிக்கையோடு நோக்குகின்றாயா என்ற வினாவிற்கு ஆம் என்னும் பிள்ளை நோயுற்றதா, அறிவுடையதா? வருங்காலம் குறுகிவிட்டதாகத் தோன்றுகின்றதா என்று கூடாரத்தில் வாழும் பிள்ளையைக் கேட்டால், அது தன் உள்ளத்தைச் சொல்கின்றதா, தன் நிலைமையைச் சொல்கின்றதா? மறுபுறம், இக்கரையில் ஒரு தாய் "ஒரே யோசனையாய்க் கிடக்குது" என்று சொல்வாளாயின், அந்த யோசனை ஆராய்ச்சியன்று, உறக்கங் கெடுக்குங் கவலை. அதற்கு ஆங்கில வினாக்கொத்தில் நேரான இடமில்லை. காயத்திரி பெர்னாண்டோ இவ்வழுவைத் தீர்க்க முயன்றோருள் ஒருவர். அவர் இலங்கை மக்கள் தம் துன்பத்தைத் தாமே எடுத்துரைத்த கூற்றுகளிலிருந்து குறிகளைத் தொகுத்து, இந்நாட்டிற்கென ஓர் அளவையை அமைத்து 2008இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்பைத் திருத்துவதினும் இவ்வாறு அடியிலிருந்து தொடங்குதல் கடினம், பயனும் அத்துணை.

பள்ளிகளைப் பிரிப்பதில் ஒரு கணக்குண்டு. ஒரே வகுப்பிற் பாதிப் பேர்க்குப் பயிற்சியளித்தால் மற்றப் பாதியும் இடைவேளையில் அதனைக் கற்றுக்கொள்ளும். ஆதலின் வகுப்பை அல்லது பள்ளியை முழுமையாகவே ஒரு பிரிவில் வைப்பர். அது தக்கதே. ஆனால் ஒரே ஆசிரியரிடம், ஒரே தெருவில் வளரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஓரளவு ஒத்திருப்பர். அவ்வொப்புமை 0.05 என்னும் சிறிய அளவினதாயினும், வகுப்பொன்றுக்கு 20 பேர் வீதம் 400 பேரைக் கொண்ட ஆய்வு, தனித்தனியே தெரிந்த ஏறக்குறைய 205 பேரின் வலுவையே பெறும். தீர்வு, ஒரு பள்ளியிற் கூடிய பிள்ளைகளைச் சேர்ப்பதன்று. கூடிய பள்ளிகளைச் சேர்ப்பது. திரியாயில் ஒரு பள்ளிக்குப் பயிற்சியளித்துக் குச்சவெளியில் ஒரு பள்ளியோடு ஒப்பிடுதல் எத்தனை நூறு பிள்ளைகளை அளந்தாலும் ஒன்றுக்கு ஒன்று என்னும் ஒப்பீடே. அதிபர் மாறினார், வீதி திருந்தியது, அவ்வாண்டு மீன் பட்டது என்னும் எக்காரணமும் அவ்வேற்றுமையை விளைத்திருக்கலாம்.

துன்புறும் பிள்ளையைக் காக்க வைப்பது அறமா என்ற தடை எஞ்சி நிற்கின்றது. இத்தடையை எழுப்புவோர் நல்லோர்; ஆனால் அவர்தம் வாதம் பயிற்சி நன்மையே செய்யும் என்ற முடிபை முன்னரே உள்ளடக்கிக்கொண்டது. அதுவன்றோ அறியப்பட வேண்டியது? மேலும், பயிற்றுநர் நால்வரும் பள்ளிகள் பதினாறுமாக இருக்குமிடத்துப் பெரும்பாலார் எவ்வாறாயினும் காத்திருக்கவே செய்வர். வீதிக்கு அண்மையிலுள்ள பள்ளி முந்துவதா, செல்வாக்குள்ளோர் பள்ளி முந்துவதா, திருவுளச்சீட்டில் வந்த பள்ளி முந்துவதா என்பதே மெய்யான தெரிவு. கோயிற் காரியங்களில் திருவுளச்சீட்டை நம்பும் மக்களுக்கு எழுமாற்றுப் பங்கீட்டின் நேர்மையை விளக்குதல் அரிதன்று. பெற்றார் முன்னிலையில் சீட்டு எடுக்கப்படலாம். காத்திருப்போருள் எவரேனும் மிக நலிவுற்றால் உடனே மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு முதனாளிலேயே எழுதப்படலாம்.

காத்திருப்போர்க்கு வழங்கும் வாக்குறுதியை மட்டும் நன்கு நிறுத்துச் சொல்லல் வேண்டும். அடுத்த தவணையில் உங்களுக்கும் இப்பயிற்சி கிடைக்கும் என்பதே பெரும்பாலும் சொல்லப்படுவது. வட இலங்கைச் சிறுமியரின் கணக்கைப் பார்த்தபின் அவ்வாறு சொல்ல எவர்க்கும் நா எழாது. ஆய்வில் நன்மை செய்ததெனக் கண்டது எதுவோ அதுவே உங்களுக்குத் தரப்படும். நன்மை செய்யவில்லையெனின், அதனையும் உங்கள் பெற்றாரிடமே முதலில் வந்து சொல்வோம் என்று சீட்டெடுக்கும் அன்றே தமிழில் எழுதி, ஆய்வு நடத்துவோர் கையொப்பமிட்டுப் பாடசாலை அதிபரிடம் ஒப்படைத்தல் தகும்.